யுவான் சுவாங் கண்ட திருவுருவங்கள்

பள்ளிப் பாடநூல்கள் யுவான் சுவாங்கை ‘யாத்திரிகர்’ என்றே நமக்கு அறிமுகம் செய்துவைத்தன. ஹர்ஷரின் அவை, நாளந்தா, காஞ்சி என்னும் மூன்று சொற்களோடு அவர் நம் நினைவில் முடிந்துபோகிறார். உண்மையில் அவர் யாத்திரைக்கெனப் புறப்பட்டவர் அல்லர், படிக்கப் புறப்பட்டவர். சீனத்தில் அன்று வழங்கிய பௌத்த நூல் மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றன. ஆசிரியருக்கு ஆசிரியர் பொருள் மாறிற்று. யோகாசார பூமி சாத்திரத்தின் முழு மூலத்தையும், அதனைப் பாடஞ்சொல்ல வல்ல ஓர் ஆசானையும் தேடி, முப்பது வயது நிரம்பாத அந்த இளந்துறவி கி.பி. 629இல் (627 என்பாரும் உளர்) சாங்-ஆன் நகரை விட்டு வெளியேறினார். நாட்டெல்லையைக் கடப்பது தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. அரசின் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. அனுமதியின்றியே புறப்பட்டார். திரும்பி வரப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஏடு தேடிப் போன அம்மாணவரை வழி நெடுகிலும் எதிர்கொண்டவை சிலைகளும் தூபிகளும் விகாரைகளுமே. அவற்றை அவர் எவ்வாறு கண்டார் என்பதை அறிய இரண்டு நூல்கள் உள்ளன. ஒன்று, பேரரசரின் விருப்பத்திற்கிணங்க அவர் சொல்ல, பியான்ஜி என்னும் துறவி எழுதி 646இல் நிறைவுற்ற ‘சி-யூ-கி’ என்னும் மேற்றிசை நாடுகளின் குறிப்பு. மற்றொன்று, அவருடைய மாணாக்கர் ஹுயி-லீ தொடங்கி, யென்-சுங் என்பவரால் 688இல் முடிக்கப்பட்ட வாழ்க்கை வரலாறு. முன்னதில் அளவுகள் இருக்கின்றன; பின்னதில் கண்ணீர் இருக்கிறது. இத்தனை அடி உயரம், இத்தனை கோல் சுற்றளவு, இன்ன திசை நோக்கிய முகம் என்று நில அளவைக் கணக்கர்போல் எழுதிச் செல்லும் அதே மனிதர், அந்தச் சிலையின் முன் மண்ணில் விழுந்து அழுதார் என்பதை மாணாக்கர் வாயிலாகவே அறிகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்போர்க்கே முழு மனிதர் கிடைப்பார்.

ஏறத்தாழ 630இல் அவர் பாமியானை அடைந்தார். மலைச்சரிவில் நின்ற கல்லுருவம் 140, 150 அடி உயரம் என்றும், அதன் பொன்னிறம் எங்கும் ஒளி வீசிற்று என்றும், அதற்குக் கிழக்கே நின்ற மற்றோர் உருவம் பித்தளையால் பகுதி பகுதியாக வார்த்துப் பொருத்தப்பட்டது என்றும் எழுதினார். இரண்டாவது செய்தி பிழை. இரண்டுமே பாறையில் குடைந்து, மேலே களிமண் பூசி, வண்ணந் தீட்டப்பட்டவை. அந்தப் பூச்சின் பளபளப்பு அவரை ஏமாற்றியிருக்கலாம். 55 மீட்டரும் 38 மீட்டரும் உயரமிருந்த அவ்விரு சிலைகளும் 2001 மார்ச்சில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. இடிபாடுகளில் கிடைத்த பூச்சுமண்ணில் கலந்திருந்த வைக்கோல் முதலியவற்றைக் கரிமக் காலக் கணிப்புக்கு உட்படுத்தியபோது, சிறிய சிலை 544க்கும் 595க்கும் இடைப்பட்டது, பெரியது 591க்கும் 644க்கும் இடைப்பட்டது எனத் தெரியவந்தது. எனவே யுவான் சுவாங் கண்டது தொன்மைச் சின்னத்தை அன்று. வண்ணங் கலையாத புதிய படைப்பை. ‘பொன்னிறம் வீசிற்று’ என்ற அவரது தொடரை யாத்திரிகரின் மிகை என்று ஒதுக்கியோர் இருந்தால், அவர்கள் தங்கள் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

காந்தாரத்தில் அவர் கண்டது வேறு வகை. ஆயிரத்துக்கு மேற்பட்ட விகாரைகள் பாழ்பட்டுப் புதர் மண்டிக் கிடந்தன. பெஷாவரில் கனிஷ்கன் எழுப்பிய பெருந்தூபியை, உச்சியில் பொன் முலாம் பூசிய இருபத்தைந்து செப்பு வட்டங்களோடு அவர் வருணிக்கிறார். அவர் தந்த இடக்குறிப்பைத் துணைக்கொண்டே பிற்காலத்தார் ஷாஜி-கி-டேரி மேட்டை அடையாளங் கண்டனர். 1908–09இல் ஸ்பூனர் அங்கு அகழ்ந்து கனிஷ்கன் பெயர் பொறித்த பேழையை எடுத்தார். ஆயினும் கவிதை உள்ளங்கொண்டோரைப் பெரிதும் ஈர்ப்பது, அத்தூபியின் அருகே அவர் கண்ட ஓர் ஓவியம். பதினாறு அடி உயரமுள்ள புத்தர். மார்புக்கு மேல் இரண்டு உடல், கீழே ஒன்று. கூலி வேலை செய்து பிழைத்த ஏழை ஒருவன் தன் ஒரே பொற்காசைக் கொடுத்துப் புத்தர் படம் எழுதச் சொன்னான். வேறோர் ஏழையும் அதேபோல் ஒரு காசு கொண்டுவந்தான். இரு காசும் சேர்ந்தே ஒரு படத்துக்கு ஆகும். ஓவியர் இரண்டையும் பெற்று ஒரே படத்தை எழுதினார். இருவரும் ஒரே நாளில் வந்து, ஒரே படத்தை இருவருக்கும் காட்டக் கண்டு மயங்கியபோது, ஓவியம் தானே இரண்டாகப் பிரிந்து இருவரையும் நோக்கியதாம். நிகழ்ந்ததா என்ற ஆராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை. இரட்டையுருவம் ஒன்றைக் கண்ட மக்கள் அதற்கு இத்தகைய காரணம் கற்பித்தனர் என்பதே போதும்.

நகரஹாரத்துக்கு அருகே, புத்தர் தம் நிழலை விட்டுச் சென்றதாகச் சொல்லப்பட்ட குகை ஒன்று இருந்தது. வழி கொடியது, கள்வர் நடமாட்டம் மிக்கது. உடன் வந்தோர் மறுத்துவிட்டனர். ஒரு முதியவரை வழிகாட்டியாகக் கொண்டு அவர் சென்றார். ஐந்து கள்வர் வாளுடன் வழிமறித்தனர். பேச்சின் முடிவில் அவர்களும் கூடவே வந்தனர். குகையில் இருள்தவிர எதுவுமில்லை. நூறு முறை வணங்கினார், ஒன்றும் தெரியவில்லை. தம் வினையை நொந்து அழுது மீண்டும் வணங்கினார். சுவரில் பிச்சைப் பாத்திரம் அளவில் ஓர் ஒளி தோன்றி மறைந்தது. பின்னும் வணங்கினார், குகை முழுதும் வெளிச்சமாகி உருவம் தெரிந்தது. வெளியே நின்ற ஆறு பேரை, தூபம் ஏற்ற நெருப்புக் கொண்டுவருமாறு அழைத்தார். நெருப்பு வந்ததும் நிழல் மறைந்தது. நெருப்பை அணைத்து வேண்டியபின் மீண்டும் தோன்றிற்று. அறுவரில் ஐவர் கண்டனர்; ஒருவருக்கு மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. இந்த ஒருவரை மறைக்காமல் சொன்ன நேர்மையால்தான் மற்றவையும் நம் காதில் ஏறுகின்றன.

ஏறத்தாழ 637இல் புத்தகயை. மகாபோதிக் கோயில் 160, 170 அடி உயரம். நீலச்சாயல் கொண்ட செங்கல்லால் எழுப்பிச் சுண்ணம் பூசப்பட்டது. அடுக்கடுக்கான மாடங்களில் பொன்னிறத் திருவுருவங்கள். சுவரெங்கும் சிற்ப வேலை. உச்சியில் பொன் முலாம் பூசிய செப்பு ஆமலகம். இவ்வளவையும் எழுதியபின் கருவறைக்கு வருகிறார். கிழக்கு நோக்கி அமர்ந்து, வலக்கை நிலந்தொட்ட உருவம். அதனை வடித்தவர் பெயர் எவருக்கும் தெரியாது. நறுமண்ணும் ஒரு விளக்கும் கேட்டுப் பெற்று, ஆறு மாதம் கதவைத் திறக்கலாகாது என்று சொல்லி உள்ளே சென்ற ஓர் அந்தணர். நான்கு நாள் குறைய இருக்கையில் பொறுமையிழந்து கதவைத் திறந்தவர்கள். உள்ளே ஆள் இல்லை. உருவம் முடிந்திருந்தது, வலமார்பின் மேலே ஒரு சிறு இடம் தவிர. கலைஞர் தம் படைப்பைச் சற்றுக் குறையாக விட்டுச் செல்லும் கதைகள் நம்மிடையேயும் பல உண்டு; இது அவற்றுள் மிகப் பழைய ஒன்றாகலாம்.

கவுட மன்னன் சசாங்கன் போதிமரத்தை வெட்டி, இவ்வுருவத்தையும் அகற்றி அவ்விடத்தில் மகேசுவரரை வைக்க ஆணையிட்டான் என்றும் அவர் எழுதுகிறார். ஆணை பெற்ற அதிகாரிக்குக் கை எழவில்லை. மன்னனுக்கு அஞ்சாமலும் இருக்க முடியவில்லை. உருவத்தின் முன்னே செங்கற்சுவர் எழுப்பி, சுவருக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, வெளிச்சுவரில் மகேசுவரர் உருவை எழுதினான். ‘செய்து முடித்தேன்’ என்றான். மன்னன் இறந்தபின் சுவரை இடித்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சசாங்கனைப் பற்றிய இச்செய்திகள் அவனுடைய பகைவரான ஹர்ஷரின் விருந்தினர் எழுதியவை என்பதால், அப்படியே ஏற்கத் தயங்கும் வரலாற்றாசிரியர் உண்டு. அத்தயக்கம் நியாயமே. ஆனால் அந்தப் பெயரறியா அதிகாரியின் இக்கட்டைக் கற்பனை என்று தள்ளிவிட மனம் வருவதில்லை.

இக்கருவறையைப் பற்றி அவர் தரும் ஒரு சிறு குறிப்பு, அவர் அளந்து தந்த எல்லா அடிக்கணக்கையும் விட மதிப்புடையது. உள்ளே விளக்குகள் எரிந்தாலும் அறை இருண்டது. உள்ளே புகுந்தோர் திருமுகத்தைத் தெளிவாகக் காண இயலாது. காண விரும்புவோர் காலையில் ஒரு பெரிய கண்ணாடியால் கதிரொளியை வாங்கி உள்ளே செலுத்த வேண்டும். அப்போதுதான் முகம் தெரியும். வாயிலில் ஒருவர் ஒளியை ஏந்தி நிற்க, உள்ளே ஒருவர் தரிசிக்கும் அந்தக் காலைப்பொழுதை இவ்வொரு குறிப்பே நம் கண்முன் நிறுத்துகிறது.

அங்கு அவர் அழுத கதை ஹுயி-லீ சொல்வது. புத்தர் மெய்யறிவு பெற்ற காலத்தில் தாம் எந்தப் பிறவியில் எங்கு உழன்றுகொண்டிருந்தாரோ, இப்போது உருவம் மட்டும் எஞ்சிய காலத்தில் அல்லவா வந்து சேர்ந்தோம் என்று கதறினார். மழைக்காலத் தவம் முடித்துக் கூடியிருந்த ஆயிரக்கணக்கான துறவியரும் கண் கலங்கினர். வச்சிராசனத்தின் எல்லையில் வைத்த அவலோகிதர் சிலைகள் மண்ணுள் மறையும் நாளில் அறமும் மறையும் என்பது அங்கு வழங்கிய நம்பிக்கை. தென்திசைச் சிலை அப்போதே மார்பளவு புதைந்திருந்தது. அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் நாளந்தாவிலிருந்து ஆள் வந்து அழைத்துச் சென்றது. நூற்றாறு வயதினர் என்று சொல்லப்படும் சீலபத்திரர் முன், மரபின்படி முழங்காலாலும் முழங்கையாலும் ஊர்ந்து சென்று மாணவரானார். நாள்தோறும் எலுமிச்சை வகைப் பழம் 120, பாக்கு 20, சாதிக்காய் 20, சிறிது கற்பூரம், மகாசாலி அரிசி ஒரு படியளவு என்று அவருக்கு விதித்த படித்தரம்கூட எழுதப்பட்டிருக்கிறது. அவ்வரிசி கறுப்பு மொச்சைபோல் பெரிதாக, சோறு மணமும் பளபளப்புமாக இருந்ததாம். ஏறத்தாழ ஐந்தாண்டு அங்கே பயின்றார். தேடி வந்த சாத்திரத்தை மும்முறை பாடங்கேட்டார். கோபுரங்கள், தாமரைக் குளங்கள், மாந்தோப்புகள், செதுக்கிய தூண்கள், ஆயிரம் நிறம் காட்டும் கூரையோடுகள் என விரியும் நாளந்தா வருணனை ஹுயி-லீயுடையது. அவர் நாளந்தாவைக் கண்டவரல்லர். ஆசிரியர் சொன்னதைத் தம் ஊர் மாளிகைகளின் சாயலில் அவர் கட்டியெழுப்பிக்கொண்டார் போலும். யுவான் சுவாங்கின் சொந்தக் குறிப்போ வழக்கம்போல் சுருக்கம்: பாலாதித்தன் விகாரை 300 அடி; ஆறடுக்கு மண்டபத்தில் பூரணவர்மன் வைத்த செப்புப் புத்தர் 80 அடி; ஹர்ஷர் எழுப்பும் பித்தளை விகாரை இன்னும் முடியவில்லை, முடிந்தால் 100 அடி.

நாளந்தாவில் அவர் பயின்ற யோகாசார நெறியில் ஒரு கடுமையான கோட்பாடு உண்டு. உயிர்களுள் சில, எத்தனை பிறவி முயன்றாலும் புத்தராகும் வித்தே இல்லாதவை என்பது அது. கற்றவன் தனக்கு அந்த வித்து உண்டா இல்லையா என்பதை எந்த நூலைப் பார்த்து அறிவது? இங்கேதான் படிப்பு அவரைக் கைவிட்டது. நாளந்தாவை விட்டு இரணியபர்வத நாட்டுக்குச் செல்லும் வழியில் கபோத விகாரைக்கு அருகே ஒரு குன்று. அதன் மேல் சந்தன மரத்தால் செய்த அவலோகிதர் உருவம். அருகே எவரும் செல்லாதபடி ஏழு தப்படி தள்ளிச் சுற்றிலும் வேலி. வேண்டுவோர் வெளியே நின்று மலர்களை வீசுவர். கையிலோ தோளிலோ தங்கினால் வேண்டியது கிட்டும். யுவான் சுவாங் அங்கு விற்ற எல்லா வகைப் பூவையும் வாங்கி மாலைகளாகத் தொடுத்தார். மூன்று வேண்டுதல்கள். நலமாக நாடு திரும்புவேனாயின் மலர்கள் திருக்கரங்களில் தங்குக. மறுபிறவியில் துஷித உலகில் மைத்திரேயரைச் சேர்வேனாயின் இரு தோள்களிலும் தொங்குக. மூன்றாவது: உயிர்களுள் புத்த இயல்பு அற்றவையும் உண்டென நூல்கள் கூறுகின்றன, நான் எவ்வகையினன் என அறியேன், எனக்கு அது உண்டாயின் திருக்கழுத்தில் விழுக. வேலிக்கு வெளியிலிருந்து எறிந்தார். மூன்றும் வேண்டிய இடங்களிலேயே விழுந்தன.

பேராசான் சீலபத்திரரிடம் கேட்கத் துணியாத வினாவை அவர் ஒரு மரச்சிலையிடம் கேட்டார். அக்காலப் பௌத்தர்க்குத் திருவுருவம் என்பது யாது என்பதை அறிய இதைவிட நேரான சான்று கிடைப்பது அரிது.

பின்னர்க் கீழ்க்கடற்கரை வழியே தெற்கு நோக்கி வந்து, சுமார் 640இல் திராவிட நாட்டுக் காஞ்சியை அடைந்தார். இவ்வருகைக்கு ஓர் உறவு முறை உண்டு. சீலபத்திரரின் ஆசான் தருமபாலர். அவர் பிறந்த ஊர் காஞ்சி. ஆகவே வந்தவர் தம் ஆசானின் ஆசான் பிறந்த மண்ணுக்கு வந்தவர். தருமபாலர் அமைச்சர் ஒருவரின் மகன். அரசன் மகளோடு திருமணம் நிகழவிருந்த மாலையில் புத்தர் திருவுருவின்முன் மனமுருகி வேண்ட, ஒரு தெய்வம் அவரைத் தூக்கிச் சென்று தொலைவிலுள்ள மலை விகாரையின் புத்தர் மண்டபத்தில் விட்டது என்றும், கதவு திறந்த துறவி அவரைத் திருடனோ என ஐயுற்றார் என்றும் ஊரார் சொன்னதை அவர் எழுதிவைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள், பதினாயிரம் துறவியர், எண்பது தேவர் கோயில்கள், நிர்க்கிரந்தர் பலர், நகருக்குத் தெற்கே அசோகன் எழுப்பியதாகச் சொல்லப்பட்ட நூறடித் தூபி. மகேந்திரவர்மனின் மத்தவிலாசத்தில் கள்ளுண்ட காபாலிகனும் பௌத்த பிக்குவும் சச்சரவிடும் தெருக்கள் இவையே. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவை இன்றியே மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் அம்மன்னன் பொறித்துச் சில பத்தாண்டுகளே ஆகியிருந்தன. கயிலாசநாதர் கோயில் எழ இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. தேவர் கோயில்களை எண்ணினாரே தவிர அவற்றின் கலையை அவர் வருணிக்கவில்லை. அது நமக்கு இழப்பே. அவர் கண்ட நூறடித் தூபி இன்று இல்லை. காமாட்சியம்மன் கோயிலிலிருந்து சென்னை அருங்காட்சியகம் சேர்ந்த நின்ற கோலப் புத்தரும், 1915இல் கோபிநாத ராவ் எழுதி வெளியிட்ட பிற உருவங்களும் அந்தக் காஞ்சியை நினைவூட்டுகின்றன.

இலங்கைக்குக் கப்பலேறும் எண்ணம் அவருக்கு இருந்தது. அரசன் இறந்து, பஞ்சமும் சூழ்ந்ததால் அங்கிருந்து தப்பிக் காஞ்சி வந்த முந்நூறு துறவியரைச் சந்தித்து, பயணத்தைக் கைவிட்டு மேற்கே திரும்பினார். மகாராட்டிர நாட்டைப் பற்றிய குறிப்பில் மலைக்குடைவு விகாரை ஒன்றும் வாயிலில் கல் யானைகளும் வருகின்றன. அது அஜந்தா என்பர். எழுபதடிச் சிலை என்ற செய்தி அங்குள்ள எதற்கும் பொருந்தாமையால், கேட்டு எழுதியதாகவே இருக்கும்.

திரும்பும் வழியில் சிந்து நதி. யானைமேல் அவர் கடந்துவிட்டார். சுவடிகள் ஏற்றிய படகு நடு ஆற்றில் புயலில் சிக்கி, ஐம்பது ஏடுகளும், இந்திய மலர்ச்செடிகளின் வித்துகளும் நீரில் போயின. எதிர்கொண்ட கபிச மன்னன், மலர் வித்துகளைக் கொண்டுவந்தீரா என்று கேட்டான். ஆமென்றதும், அதுவே காரணம், அவற்றோடு இவ்வாற்றைக் கடக்க முயன்றோர்க்கு எப்போதும் இதுவே நேரும் என்றான்.

645இல் சாங்-ஆன் நகருக்குள் இருபது குதிரைகளில் ஏற்றி வந்தவை 657 நூல்கள், 150 திருவெச்சத் துகள்கள், ஏழு திருவுருவங்கள். இவ்வேழையும் கூர்ந்து நோக்கவேண்டும். பொன்னிலும் வெள்ளியிலும் சந்தனத்திலும் ஆன அவற்றில் எதுவும் பொதுவான புத்தர் உருவம் அன்று. வாரணாசியில் முதல் அறவுரை ஆற்றியவர். சாங்காசியத்தில் வானின்று இறங்கியவர். கழுகு மலையில் தாமரைச் சூத்திரம் உரைத்தவர். வைசாலியில் பிச்சைக்கு நடந்தவர். கோசாம்பியில் உதயணன் செய்வித்த சந்தன உருவின் படி. புத்தகயைக்கு எதிரே உள்ள மலைக்குகையின் நிழலுரு. நகரஹாரக் குகையின் நிழலுரு. ஏழு சிலைகளாக அவர் கொண்டுவந்தது ஏழு ஊர்களை. கதவு திறந்து நெருப்புக் கொணர்ந்தால் மறைந்துபோன நிழலை ஒரு தச்சர் சந்தனக் கட்டையில் எவ்வாறு செதுக்கினார் என்பதே இவற்றுள் வியப்புக்குரியது.

நூல்களையும் உருவங்களையும் தீக்கு இரையாகாமல் காக்க 652இல் தா-ட்சு-என் விகாரையில் முந்நூறு அடியில் ஒரு கல் தூபி எழுப்ப விரும்பினார். அவ்வளவு கல்லுக்கு எங்கே போவது, செங்கல்லால் கட்டலாம் என்றார் பேரரசர் காவ்சுங். காஞ்சி வேந்தன் செங்கல்லை விலக்கிக் கல்லுக்கு மாறிய அதே நூற்றாண்டில், காஞ்சியைக் கண்டு வந்தவர் கல்லை வேண்டிச் செங்கல் பெற்றார். சீன மரபை விடுத்து மேற்றிசை நாட்டு முறையில் ஐந்தடுக்காக, 180 அடியில் எழுந்த அக்கட்டடத்துக்கு, ஐம்பதைக் கடந்த அந்த ஆசான் தாமே கூடை தூக்கிச் செங்கல் சுமந்தார் என்கிறார் ஹுயி-லீ. பேரரசர் இருவரின் முன்னுரைகள் சூ சுயிலியாங் கையெழுத்தில் பொறிக்கப்பட்ட 653ஆம் ஆண்டுக் கற்பலகைகள் இன்றும் அதன் அடித்தளத்தில் உள்ளன. மகத நாட்டில் அவர் கேட்டுவந்த அன்னத் தூபியின் கதையே இதன் ‘காட்டு அன்னக் கோபுரம்’ என்னும் பெயருக்கு மூலம் என்பர். 654இல், ஆசான் சீலபத்திரர் மறைந்த துயரைப் பகிர்ந்து நாளந்தாவுக்கு எழுதிய கடிதத்தில், சிந்துவில் போன நூல்களின் பட்டியலை இணைத்து, படியெடுத்து அனுப்பும்படி கேட்டிருந்தார். 664இல் அவர் காலமானார்.

மண்ணை உள்ளீடாகக் கொண்ட அக்கோபுரம் அரை நூற்றாண்டில் செடி முளைத்துச் சிதைந்தது. 701–704இல் பேரரசி வூ அதனை மீண்டும் கட்டுவித்தார். இன்றுள்ளது ஏழடுக்கு, 64 மீட்டர். தேர்வில் வென்ற புலவர்கள் தம் பெயரை அங்கே எழுதிவைப்பது தாங் காலத்து வழக்கமாயிற்று. 752இன் இலையுதிர் காலத்தில் து ஃபூ, காவ் ஷி, ட்சென் ஷென், சூ குவாங்ஸி, ஸ்வே ஜூ என்னும் ஐந்து கவிஞர்கள் ஒருசேர அதன் உச்சிக்கு ஏறி, ஆளுக்கு ஒரு பாட்டு எழுதினர். நால்வர் பாட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஸ்வே ஜூ எழுதியது கிடைக்கவில்லை.